பம்பரத்தையும் பல்லாங்குழியையும் எடுத்துவிட்டு என்ன பொங்கல்? விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழுவின் தலைவர், செயலாளர், மற்ற பொறுப்பாளர்கள் எல்லோருக்கும்,

போன வாரம் நம் பகுதித் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் படித்தேன். இந்தப் பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்கான நம்ம ஊர் விளையாட்டுகள் கிடையாது, அந்த இடத்தில் விளம்பரதாரர் ஒருவர் கேமிங் கூடாரம் போடுகிறார், கண்ணில் மாட்டிக்கொண்டு ஆடும் விஆர் கண்ணாடி, கார் ரேஸ், மொபைல் கிரிக்கெட் போட்டி எல்லாம் உண்டு, முதல் பரிசு ஒரு டேப்லெட் என்று இருந்தது. அப்போ விளையாட்டுச் சாமான்கள் வைத்திருந்த அந்த இரும்புப் பெட்டி எங்கே என்று ஒருவர் கேட்டார். ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது பழைய சாமான்காரருக்குப் போட்டாச்சு என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த ஒற்றை வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. குழுவிலேயே எழுதினால் வேறு செய்திகளுக்கு அடியில் போய்விடும் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் போட்டீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். இரண்டு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை, ஒரு துணிப்பை நிறைய சோழி, ஓரம் கிழிந்து ஒட்டுப்போட்ட பரமபத அட்டை, செம்மரத்தில் செய்த ஒரு மரப்பாச்சி ஜோடி, ஈயச் செப்புச் சாமான், சாட்டையோடு பம்பரங்கள், கிட்டிப்புள், அஞ்சாங்கல்லுக்கு ஆற்றங்கரையிலிருந்து பொறுக்கி வந்த உருண்டைக் கற்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டிலிருந்து வந்தது. பிள்ளைகள் விளையாடட்டும் என்று மனசாரக் கொடுத்தார்கள். அதில் ஒரு பல்லாங்குழிப் பலகை இருந்தது, மாரிக்குப்பத்திலிருந்து வந்த பாட்டியுடையது. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் தச்சு வேலை பார்த்த அவர் வீட்டுக்காரர், சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்கிற மரத்தில் மிஞ்சிய துண்டைக் குடைந்து அவருக்காகச் செய்து கொடுத்தது. 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள், பிள்ளைகள் வேலை தேடி பெங்களூருக்கு வந்தார்கள், பாட்டி அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தவர். அதை நம்மை நம்பிக் கொடுத்தார். இப்போது அது எந்தக் குடோனில் கிடக்கிறதோ, அடுப்புக்குப் போய்விட்டதோ தெரியாது. அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நேற்று காய்கறிக் கடையில் பார்த்தபோது இந்த வருஷம் சோழி போதுமா, இன்னும் கொஞ்சம் வாங்கட்டுமா என்று என்னிடம் கேட்டார்.

உங்கள் அறிவிப்பில் காரணம் என்று மூன்று விஷயம் சொல்லியிருந்தீர்கள். பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இல்லை, இடம் போதாது, போன வருஷம் ஒரு பையனுக்குக் காயம் ஆயிற்று. இந்த விளையாட்டு மூலையைப் பார்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. அதனால் நான் கண்ணால் கண்டதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

ஆர்வம் இல்லை என்கிறீர்களே, போன பொங்கலுக்கு மேடையில் பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்த நேரம் நீங்கள் யாராவது பந்தலின் பின்பக்கம் வந்து பார்த்தீர்களா? மூன்றாவது அல்லது நாலாவது படிக்கிற ஒரு பையன், அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு நாற்காலியில் சுருண்டு கிடந்தவன், சார்ஜ் தீர்ந்து போனதும் வேறு வழி இல்லாமல் மாரிக்குப்பத்துப் பாட்டியின் எதிரே வந்து உட்கார்ந்தான். ஏழு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து சோழி, ஆக எழுபது. பாட்டி ஒரு குழியை அள்ளி வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளினார், அடுத்த குழி வெறுமையாக இருந்தபோது அதைத் தடவிவிட்டு அதற்கடுத்ததை மொத்தமாக எடுத்துக்கொண்டார். நடுவில் நாலு சேர்ந்த குழியைப் பார்த்துப் பசு என்று சொல்லி வழித்தார். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது, ஏமாத்தறீங்க என்று கத்தினான். எங்கே ஏமாத்தினேன், எண்ணிப் பார் என்று பாட்டி சொல்ல, அவன் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினான். இரண்டாம் ஆட்டத்தில் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே கண்ணால் குழி குழியாக ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தான், எங்கே போய் முடியும் என்று. மூன்றாம் ஆட்டத்தில் ஒரு பசுவைப் பாட்டி கவனிக்காமல் விட, அவன் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று குதித்தான். அந்தப் பையனுக்குத் தமிழ் சரியாக வராது. பள்ளியில் இங்கிலீஷ், தெருவில் கன்னடம். பாட்டிக்கோ இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிடும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மேடையில் அன்று தமிழைக் காப்பது எப்படி என்று பேசினார்கள். தமிழ் பந்தலுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள் உட்கார்ந்தால் வருகிறார்கள், வெறும் பலகையை மேசையில் வைத்துவிட்டுப் போனால் வருவதில்லை. ஒரு வருஷம் அப்படித்தான் ஆனது, பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அந்த வருஷத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் ஆர்வம் இல்லை என்று எழுதினீர்களோ என்று தோன்றுகிறது.

நான் மர்ஃபி டவுனில் வளர்ந்தவள். ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டு வீடுகள், இங்கே கன்னடத்தில் வட்டாரா என்பார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, தக்கனி உருது எல்லாம் ஒரே குழாயடியில் சத்தம் போடும். கம்ப்யூட்டர் என்ற சொல்லையே நாங்கள் கேள்விப்படாத காலம், டிவி கூட எங்கோ ஒரு வீட்டில்தான். சாயங்காலம் பள்ளி விட்டால் பையைத் திண்ணையில் வீசிவிட்டு முற்றத்துக்கு ஓடுவோம். கட்டம் போட்டு நொண்டியடிக்கும் எங்கள் பாண்டி, பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகளுக்குக் குண்டே பில்லே, எங்கள் கிட்டிப்புள் அவர்களுக்குச் சின்னி தாண்டு, பம்பரம் அவர்களுக்குப் புகுரி. ஏழு சில்லை அடுக்கிப் பந்தால் அடிக்கிற லகோரிக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே பெயர்தான். இந்த ஊரில் நாம் எல்லோரும் சேர்ந்து வாழக் கற்றுக்கொண்டது அந்த முற்றத்தில்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பொம்மை என்று காசு கொடுத்து வாங்கியது மிகக் குறைவு. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு அப்பா தோளில் உட்கார்ந்து போவோம், எண்ணெய்த் திரியை ஏற்றி வைத்தால் தண்ணீர்த் தொட்டியில் டபடபவென்று சத்தத்தோடு ஓடும் தகரப் படகு அங்கேதான் வாங்கியது. பினாகா பற்பசை வாங்கினால் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் மிருகம் ஒன்று வரும், அதற்காகவே பற்பசையைச் சீக்கிரம் தீர்ப்போம். மற்றதெல்லாம் நாங்களே செய்ததுதான். என் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் ஒர்க்‌ஷாப்பில் தூக்கிப் போடுகிற பால் பேரிங்கைக் கேட்டு வாங்கி வந்து, பலகையில் அடித்துப் பேரிங் வண்டி செய்வார்கள். அது மேட்டிலிருந்து இறங்கும்போது தெருவே அதிரும். சோடா பாட்டில் உடைந்தால் அதன் கோலிக்குண்டுக்கு அடிதடி. தீப்பெட்டிப் படம், சிகரெட் அட்டை இதெல்லாம் எங்களுக்கு ரூபாய் நோட்டு.

பம்பரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் அறிவிப்பு அதன் மேல்தானே பழி போட்டிருக்கிறது. சாட்டையின் நுனியை லேசாக எச்சில் தொட்டு ஆணியிலிருந்து நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், ஒரு சுற்று மேல் ஒரு சுற்று ஏறினால் கை உதறும்போது பம்பரம் கோணலாகப் போய் உருளும். சரியாக விழுந்தால் ஒரே இடத்தில் நின்று, ஆடாமல் அசையாமல், சுற்றுவதே தெரியாமல் சுற்றும், தூங்குகிறது என்போம். அப்புறம் சாட்டையை அதன் அடியில் கொடுத்து மேலே தூக்கிக் கையில் பிடிப்பது, அபீட். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தேவைப்பட்டது, பொம்பளைப் பிள்ளைக்குப் பம்பரம் எதுக்கு என்று அத்தை திட்டிய திட்டோடு சேர்த்து. அதைக் கற்றுக்கொடுத்தது எந்த வாத்தியாரும் இல்லை. எதிர்வீட்டு அண்ணன் ஒருவர், அவருக்கு அவருடைய மாமா. இப்படிக் கைமாறிக் கைமாறி வந்தது ஒரு தலைமுறை விட்டுப்போனால் யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது, பக்கத்தில் நின்று விரலைப் பிடித்துக் காட்ட ஆள் வேண்டும்.

போன வருஷம் காயம் பட்டது உண்மை. ஆணி ஒரு பையனின் கால் கட்டைவிரலில் உரசியது. முதலுதவிப் பெட்டியைத் தேடி ஓடியது நான்தான். அவன் அம்மா பயந்துபோனார், அது நியாயம். பிளாஸ்திரி போட்ட அரை மணி நேரத்தில் அவன் மறுபடி வட்டத்துக்கு வந்து நின்றான் என்பதையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். செருப்போ ஷூவோ இல்லாமல் வட்டத்துக்குள் வரக் கூடாது, வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றுக்கு வெளியே, கூர் மழுங்கிய ஆணி, பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் என்று வைத்தால் முடிந்தது. இதே விழாவில் உறியடிக்குத் தடியைக் கையில் கொடுத்துப் பெரியவர்கள் கண்ணைக் கட்டி விடுகிறீர்கள், அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

இடம் போதாது என்பதற்குத்தான் எனக்கு மிகவும் வருத்தம். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு எங்கே இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அபார்ட்மெண்ட் வாசலில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை. தெருவில் இரண்டு பக்கமும் கார். பூங்காக்களை வருஷக்கணக்காக மத்தியானத்தில் பூட்டியே வைத்திருந்தார்கள், 2024-ல்தான் காலை ஐந்து மணி முதல் இரவு பத்து வரை திறந்து வைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது, அங்கேயும் நடைப்பாதையில் பெரியவர்கள் நடக்கலாம், பிள்ளைகள் ஓடினால் விசில். குழந்தைகளுக்கு விளையாடும் உரிமை உண்டு என்று ஐநாவின் குழந்தை உரிமை உடன்படிக்கை 31-ஆவது பிரிவில் எழுதியே வைத்திருக்கிறார்கள், 1992-ல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. உடன்படிக்கை கிடக்கட்டும், நம் கையில் இருந்தது வருஷத்துக்கு ஒரு நாள், ஒரு மைதானத்தின் ஒரு மூலை. அதையும் எடுத்து விளம்பரதாரருக்குக் கொடுத்துவிட்டு இடமில்லை என்றால் எப்படி? கூடாரம் போடப் போகிற அதே இடத்தில்தானே பிள்ளைகள் பாண்டிக் கட்டம் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நான் கம்ப்யூட்டரை வெறுப்பவள் இல்லை. என் பிழைப்பே அதில்தான், இந்த ஊரில் நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பிள்ளைகள் கேம் ஆடுவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வருஷம் முழுக்க அவர்கள் கையில் இருப்பதை இந்த ஒரு நாளும் நாமே கூடாரம் போட்டுக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அளவு மீறிய கேமிங், இன்டர்நெட் பழக்கத்துக்குச் சிகிச்சை கொடுக்கவென்றே ஷட் கிளினிக் என்று ஒன்றை நம் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014-லேயே தொடங்கிவிட்டார்கள், இதே பெங்களூரில். உலக சுகாதார நிறுவனம் கேமிங் பழக்கம் கைமீறிப் போவதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அந்தப் பட்டியல் 2022-ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. தைவானில் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை அதிகமாகிறதென்று, தினமும் இரண்டு மணி நேரம் வகுப்பறைக்கு வெளியே, வெயில் வெளிச்சத்தில் இருக்கச் சொல்லிப் பள்ளிகளில் திட்டமே போட்டார்கள். என் மகளுக்குக் கண்ணாடி போட்டபோது கண் டாக்டரும் அதையேதான் சொன்னார், மருந்து சொட்டு எல்லாம் அப்புறம், முதலில் பிள்ளையை வெளியே விடுங்கள் என்று. வெளியே எங்கே விடுவது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கேமில் விதி எல்லாம் யாரோ எழுதிப் பூட்டி வைத்தது. எங்கள் முற்றத்தில் விதியே பாதி விளையாட்டு. இரண்டு அணி பிரிக்க உத்தி கட்டுவோம், ஒரே அளவு திறமையுள்ள இரண்டு பேர் தோளில் கைபோட்டுக்கொண்டு தூரமாகப் போய், நீ மல்லிகை நான் முல்லை என்று ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து தலைவர்களிடம் கேட்பார்கள், மல்லிகை வேணுமா முல்லை வேணுமா என்று. எந்தத் தலைவருக்கு யார் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதனால் யாரும் கடைசியில் வேண்டாதவராக மிஞ்சுவதும் இல்லை. எட்டு வயசில் எங்களுக்கு நியாயம் என்றால் என்ன என்று அதுதான் காட்டிக்கொடுத்தது. பல்லாங்குழியிலும் அப்படித்தான், தோற்றவர் வெளியே போவதில்லை, கையில் மிஞ்சிய சோழியைக் கொண்டு எத்தனை குழி நிரம்புமோ அத்தனையை வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்தில் உட்காரலாம். கண்ணாடி மாட்டிக்கொண்டு தனியாக நின்று கையை வீசுகிற பிள்ளை பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்தைக் கூடப் பார்க்காது. டேப்லெட் பரிசு ஒருவனுக்குத்தான், மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்று அலுத்து வீட்டுக்குப் போகும்.

சரி, இப்போது நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி. எந்தப் பழைய சாமான்காரருக்குப் போட்டீர்கள் என்று இன்றே விசாரியுங்கள், நாளைக்குள் ஆள் போய்ப் பார்க்கட்டும், விலை கொடுத்தாவது மீட்க முடிந்ததை மீட்டு வாருங்கள். மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் மாரிக்குப்பத்துப் பாட்டியின் பலகையைத் தேடுங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தலைவர் ஐயா, நீங்களே நேரில் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். வேறு யார் வாயிலிருந்தோ அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

கேமிங் கூடாரத்தை மைதானத்திலிருந்து எடுங்கள். விளம்பரதாரரிடம் பேசியாகிவிட்டது, பணம் வாங்கியாகிவிட்டது என்றால் மண்டபத்துக்குள்ளோ கார் நிறுத்தும் பக்கமோ போடச் சொல்லுங்கள். மைதானம் காலை பத்து முதல் ஒரு மணி வரை பிள்ளைகளுடையது, அந்த நேரத்தில் மேடையில் பேச்சு வேண்டாம், பெற்றோர்களும் இறங்கி வந்து ஆடட்டும். சொல்லிக்கொடுக்கப் பெரியவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு நிழலும் முதுகு சாய நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் ஏற்பாடு செய்யுங்கள். போன வருஷம் அவர்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னடம், தெலுங்கு பேசுகிற அக்கம்பக்கத்து வீடுகளையும் இந்த நேரத்துக்கு மட்டுமாவது கூப்பிடுங்கள், லகோரிக்கு ஆள் நிறைய வேண்டும்.

புதிதாக வாங்க வேண்டியதைச் சென்னபட்டணத்தில் வாங்கலாம். மைசூர் சாலையில் அறுபது கிலோமீட்டர்தான், வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றி அங்கே பம்பரமும் செய்கிறார்கள், கைவினைஞர்களுக்கும் உதவியாக இருக்கும். டேப்லெட்டுக்குப் போகிற பணத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பம்பரமும் சாட்டையும் கையில் கொடுத்து அனுப்ப முடியும் என்று நினைக்கிறேன், கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்கியதை வைக்கப் பூட்டுள்ள ஒரு அலமாரி, யார் வீட்டிலிருந்து எது வந்தது என்று எழுதிய ஒரு நோட்டு, சாவிக்குப் பொறுப்பாக ஒருவர். அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன். விழாவன்று மட்டும் இல்லாமல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அலமாரியைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட அனுமதியும் வேண்டும்.

வரும் ஞாயிறு கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துப் பேசி, முடிவை அன்று இரவே குழுவில் எல்லோரும் பார்க்கும்படி எழுத்தில் போடுங்கள். கூட்டத்துக்கு நானும் வருகிறேன், என்னோடு வேறு சில பெற்றோர்களும் வருகிறார்கள்.

இப்படிக்கு,
மர்ஃபி டவுனில் வளர்ந்த உங்கள் உறுப்பினர் ஒருத்தி
பெங்களூரு